ஊடுருவல்காரன் வேஷம்

இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆடும் நாளில் கேரளத்து எல்லையோர வெள்ளறடை டீக்கடையில் எனக்கு டீ தாமதமாகத்தான் வரும். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் இலங்கைக்காரன் ஒரு நாலு அடித்தால் கடையில் இருக்கிற அத்தனை பேரும் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள், நான்தான் அடித்தது போல. "ஒனக்க ஆளு அடிக்கியானே, சிலோனே" என்பார் ஒருவர். இந்தியா ஜெயித்துவிட்டால் அவரே என் முதுகில் தட்டி, "வெஷமப்படாண்டாம், அடுத்த மேட்சு உண்டு" என்று ஆறுதல் சொல்வார். நானும் இந்தியன்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

இன்னமும் இலங்கை மலையகத்துத் தோட்ட லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருப்பவர்களே, என்னைப் போலக் கப்பலேறி வந்து ஊட்டி, புனலூர் என்று சிதறிப் போனவர்களே, இதெல்லாம் உங்களுக்குப் புதிதில்லை. அங்கே என் தாத்தா பிறந்தார், அப்பா பிறந்தார், நானும் பிறந்தேன். கொழுந்து பறித்து அந்த நாட்டுக்காகக் கப்பல் கப்பலாகத் தேயிலை அனுப்பினோம். ஆனாலும் கடைத்தெருவுக்குப் போனால் நான் இந்தியாக்காரன், கள்ளத்தோணி. பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இத்தனை தலை உனக்கு, இத்தனை தலை எனக்கு என்று சந்தையில் மாடு பிரிப்பது போலப் பிரித்துக்கொண்டன. நான் இந்தியாவின் பங்கில் விழுந்தேன். போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, 'இவன் இந்தியன்' என்று காகிதம் கொடுத்துக் கப்பல் ஏற்றினார்கள். இந்த வெள்ளறடையில் வேறு எவனிடமும் அப்படி ஒரு காகிதம் கிடையாது. அவர்களெல்லாம் சும்மா பிறந்துவிட்டவர்கள்.

முதலில் தமிழ்நாட்டுப் பக்கம் அரசு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். கூலி போதாமல், எல்லை தாண்டி இங்கே தனியார் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்ட வந்தேன். எல்லை என்றதும் முள்கம்பியை நினைக்காதீர்கள். மரச்சீனிக் கிழங்குக் கட்டோடு ஒருவன் பேசிக்கொண்டே தாண்டிவிடுகிற ரோடு. இங்கே மலையாளம் பேசுகிறவர்கள் என்னைப் பாண்டி, அதாவது தமிழ்நாட்டான், என்கிறார்கள். தமிழ் பேசுகிறவர்கள் சிலோன் என்கிறார்கள். பாண்டி என்பதை நான் பொறுத்துக்கொள்வேன். அதிலாவது கொஞ்சம் இந்தியா இருக்கிறது.

என் மகள் செல்வி இந்த ஊரில் பிறந்தவள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. அணிவகுத்து மார்ச் போவதில் பள்ளியிலேயே அவள்தான் முதல். அந்த வருடம் சுதந்திர தின ஊர்வலத்தில் கொடியை அவள்தான் பிடிக்க வேண்டும் என்று டிரில் மாஸ்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டில் விளக்குமாற்றைக்கூட அவள் நிமிர்த்திப் பிடித்துத்தான் நடந்தாள்.

ஊர்வலத்தை நடத்துவது ஊர் கிளப். அதன் செக்ரட்டரி குமரேசன் பிள்ளை வில்லேஜ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தோட்டம் உள்ள குடும்பம். அவர் என் வீட்டுக்கு வந்தது அதுவே முதல் தடவை. உட்காரவில்லை. 'மக்கா' என்று ஆரம்பித்தார். ஏதோ வேண்டியிருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"மக்கா, இந்தத் தடவை நம்ம கிளப்பு ஒரு ப்ளோட்டு எறக்குது, அலங்கார வண்டி. சுத்துவட்டாரக் கிளப்புகளுக்கெல்லாம் போட்டி, செயிச்சா கோப்பை. லாரிக்க மேல ஒரு ஜவான், அவனுக்க காலுக்குக் கீழ ஒரு ஊடுருவல்காரன். ஜவானுக்கு ஆட்டோ சோமன் உண்டு. மத்ததுக்கு ஆளில்ல."

"ஊர்ல இத்தனை பேர் இருக்காங்களே ஐயா?"

"இருக்கினும். ஆனா பாத்தா நம்பணும்லா? நீ ஒண்ணும் பேசாண்டாம், சும்மா கெடந்தா போரும்."

முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. வாசலில் நின்றிருந்த செல்வியைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளைக்குக் கொடி உண்டு, அதுல மாற்றமில்ல. ஆனா நாலு பேரு கேக்குதாவ, சிலோன்காரனுக்க மவளுக்கு எதுக்கு நம்ம கொடின்னு. நீயும் கமிட்டிக்க கூட நின்னா நான் அவியளுட்ட பதில் செல்லலாம்."

அவர் போனதும் செல்வி கேட்டாள். "அப்பா, எனக்க கொடி போவுமா?"

போகாது என்றேன். சம்மதித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

சுதந்திர தினக் காலையில் எனக்கு வேஷம் கட்டினார்கள்: தேங்காய் நாரில் தாடி, தலையில் கட்டம் போட்ட துணி, கிழிந்த லுங்கி. முகத்தில் பூசக் கரி கொண்டுவந்த பையனிடம் சோமன் சொன்னான்: "அது வேண்டாம்டே, அண்ணனுக்கு சொந்தமாட்டே உண்டு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கைகளைப் பின்னால் சேர்த்து நிஜமாகவே இறுகக் கட்டினார்கள், நம்ப வேண்டுமே. சோமன் ராணுவச் சட்டையில் அவ்வளவு எடுப்பாக இருந்தான். வழியில் ஒரு உண்மையான போலீஸ்காரர் அவனுக்கு சல்யூட் அடித்தார். பட்டாளத்தின் பக்கமே போகாதவன். அவன் ஆட்டோ மீட்டர்கூட ஓடாது.

என்னைப் படுக்கவைத்து, சோமன் நெஞ்சில் பூட்ஸை வைத்து நிற்க, லாரி ஊர்ந்தது. முன்னால் செல்வி கொடியோடு நடந்தாள். எனக்கு அவள் முதுகும் சடையும் மட்டும் தெரிந்தன. இருபுறமும் கூட்டம். நேற்றுவரை என்னோடு பீடி பங்கு போட்டவன் "துரோகி!" என்று கத்தி, பழத்தோலை வீசினான். நாடு என்றால் இவனுக்கு ஞாபகம் வருவது யாரையாவது அடிப்பதுதான். காலரா வந்தபோது கிணற்றைச் சுத்தம் செய்ய ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கிடைக்காத ஊர் இது.

பள்ளி மைதானத்தில் லாரி நின்றது. நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த நடுவர் என்னைக் குனிந்து பார்த்து, "நாடகக்காரனாணோ?" என்றார். "இல்லைங்க, இந்தியன்" என்றேன். அவர் பலமாகச் சிரித்து, "கொள்ளாம், நல்ல டயலாக்" என்று எழுதிக்கொண்டார். மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை நாங்கள் அசையக் கூடாது. அசைந்தால் பரிசு போகும்.

அப்போதுதான் மைக்கில் ஜன கண மன தொடங்கியது.

மைதானம் முழுவதும் விறைத்து நின்றது. சோமனும் காலைச் சேர்த்துக்கொண்டான், அதனால் என் நெஞ்சிலிருந்து பூட்ஸ் போனது. நான் மட்டும் படுத்திருந்தேன். அந்தப் பாட்டை நான் கப்பலிலிருந்து இறங்கியதும் தங்கவைத்த மண்டபம் முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றபடி கற்றுக்கொண்டேன். அர்த்தம் தெரியாது. ஆனால் அது கேட்டதும் எழுந்து நிற்காத ஒரு நாள்கூட என் வாழ்க்கையில் இல்லை. முழங்காலை ஊன்றிப் புரண்டேன்.

"எலே, படுலே!" லாரிக்குக் கீழிருந்து செக்ரட்டரி உதடு அசையாமல் சீறினார். "ஜட்ஜி பாக்குதாரு. படுலே சவமே."

எழுந்துவிட்டேன். கை கட்டியிருந்ததால் தள்ளாடினேன். தாடி ஒரு காதிலிருந்து கழன்று தொங்கியது. கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்புக் கிளம்பி, அடக்க முடியாமல் பரவியது. தேசிய கீதத்தின்போது சிரிக்கலாம் போலிருக்கிறது, எழுந்து நிற்பதுதான் தப்பு. நான் கடைசி வரி வரை பாடினேன். செல்வி திரும்பவில்லை. கொடி பிடித்தவள் திரும்பக் கூடாது. அவள் தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது. அழுதாளா, அவளும் சிரித்தாளா, தெரியவில்லை.

பரிசு பாறசாலைக் கிளப்புக்குப் போனது. "நாட்டுக்க மானத்தையே கெடுத்துட்டியேலே" என்றார் குமரேசன் பிள்ளை. ஒரு எவர்சில்வர் கோப்பைதான் அவருடைய நாடு. சோமனைத் தோளில் கைபோட்டு டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். லாரியிலிருந்து நான் குதித்துத்தான் இறங்கினேன். என் கட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

செல்வி வந்தாள். ஒரு கையால் முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். முடியவில்லை. பல்லால் கடிக்கப் பார்த்தாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது. கொடியைக் கீழே வைக்கக் கூடாது. வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை.

"அப்பா, செத்த நேரம் பிடிங்க" என்று கம்பை என் முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளுக்குள் செருகினாள்.

விரல்களால் இறுக்கிக்கொண்டேன். துணி காற்றில் படபடத்து என் பிடரியில் அடித்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பின்னால் குனிந்து நின்று முடிச்சோடு மல்லுக்கட்டியபடி அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "அப்பா, சாயுது. நேரே பிடிங்கப்பா. சாயுது."