ராசாவுக்கு முன்னால் கூர்ச் சப்பாத்து

என் கடைசி மகள் வங்கியில் வேலை செய்கிறவள். பின்னேரங்களில் பேஸ்மென்டில் இருந்து சப்பாத்துத் தைப்பாள். கடையில் வாங்குகிற மாதிரிச் சப்பாத்து இல்லை. பல நூறு வருசத்துக்கு முந்தி ஐரோப்பாவில் பெரிய இடத்து ஆட்கள் போட்ட தோல் சப்பாத்து. முன்பக்கம் நடுவிரல் நீளத்துக்குக் கூராக நீண்டு நிற்கும். அந்தக் காலத்து உடுப்புப் போட்டு, அந்தக் காலத்து ஆட்களைப் போலவே கூடிக் கொண்டாடுகிற ஒரு கூட்டம் ரொறன்ரோவில் உண்டு. இவளும் அதில் ஒருத்தி.

அந்தக் கூட்டம் வைக்கிற கைவேலைப் போட்டியில், போன முறை இவள் தைத்த சப்பாத்தின் கூர் நடக்கும்போது தொங்கிப்போனது. சபை சிரித்ததாம். வீட்டுக்கு வந்தவள் ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. இந்த முறை கூருக்குள் செம்மறி ஆட்டு மயிரை இறுக்கி அடைத்து, என் காலை அளவெடுத்துத் தைத்தாள். போட்டு நடந்து காட்டுகிறதும் நான்தான். இந்த வயதிலும் என் நடையில் ஒரு குறை இல்லை என்பது நாங்கள் இருக்கிற ரூஜ் பகுதியில் எங்கள் தெருவுக்கே தெரியும்.

மண்டபத்தில் நீளமாகச் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அதன் முடிவில், பெரிய கதிரையில், கிரீடம் வைத்த ராசா. அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். பரிசு அவர் கையால். என்னைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போனேன். கம்பளத்தில் கால் வைக்கும் முன், பழக்கதோசம், சப்பாத்து இரண்டையும் கழற்றிக் கரையில் ஒழுங்காக வைத்துவிட்டேன். வெறுங்காலோடு நிமிர்ந்து நடந்து ராசாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

மகள் பின்னால் ஓடி வந்தாள்.

“ஐயோ அம்மா, என்ன வேலை செய்தனீங்கள்! சப்பாத்தைத்தானே அவை பாக்கவேணும்!”

“ராசாவுக்கு முன்னால சப்பாத்தோட போறதோ? நான் அப்பிடி வளரேல்லை.”

ராசா என்னவென்று கேட்டார். அவள் அழுவாரைப் போல நின்று இங்கிலிசில் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. எழும்பித் தலை தாழ்த்தி எனக்கு வணக்கம் சொன்னார். பிறகு மகளிடம் ஏதோ சொன்னார்.

“இந்தச் சபையில சப்பாத்துப் போட உங்களுக்கு உத்தரவு தாறாராம். திரும்ப நடக்கட்டாம். கெதியா வாங்கோ.”

“உத்தரவு எண்டால் சரி. கெதியெல்லாம் ஏலாது.”

அவளே குனிந்து வாரைக் கட்டிவிட்டாள். நான் சேவல் மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி, அவசரமில்லாமல் ஆறுதலாக நடந்தேன். கூர் இரண்டும் ஓரிடத்திலும் சாயவில்லை. சபை கைதட்டியது. முதற் பரிசு இவளுக்குத்தான்.

வெளியே போகும் கதவடியில், “அம்மா, நிலம் ஈரம். கழட்டித் தாங்கோ, பெட்டிக்குள்ள வைப்பம்,” என்றாள்.

“போடச் சொன்னது ராசா. நீ காரை வாசலுக்குக் கொண்டு வா பிள்ளை.”