சேவலுக்குப் பூசிய சிவப்பு மருந்து

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீடு சின்னம்மாவின் சீதனம். சாவிக்கொத்து மட்டும் பெரியம்மாவின் இடுப்பில் இருந்தது. எங்கள் ஆட்களில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். சித்தப்பாவும் அப்படித்தான் ஒரு தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தார். அப்பாவுக்குத் திருகோணமலையில் வேலை. மாதத்தில் இரண்டு நாள் வந்து போவார். மற்றபடி பெரியம்மா, அம்மா, சின்னம்மா, ஒன்பது வயதில் நான், பின்வளவில் ஐந்து கிழட்டுக் கோழிகள். இவ்வளவுதான் வீடு.

சித்தப்பா வந்து இரண்டு மாதமாகியும் பெரியம்மா அவரோடு நேரே ஒரு வார்த்தை கதைத்ததில்லை. "அவருக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்று சின்னம்மாவிடம் சொல்வார். சித்தப்பா இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருப்பார். சாப்பாடும் அப்படித்தான். அவருக்கு மட்டும் அலுமாரியில் இருந்து நீலப்பூப் போட்ட பீங்கான் தட்டு இறங்கும். முன்கூடத்து மேசையில் தனியாக இருந்து சாப்பிடுவார். நாங்கள் குசினியில், ஓரம் பெயர்ந்த எனாமல் தட்டுகளில். எனக்கு அந்த நீலப்பூத் தட்டில் ஒரு நாளாவது சாப்பிட வேண்டும் என்று ஆசை.

அந்த வருடம் பெரியம்மா அடைக்கு வைத்த முட்டை ஒன்றும் பொரிக்கவில்லை. முன்பெல்லாம் பக்கத்து வீட்டுச் சேவல் மதில் தாண்டி வந்து போகும். அந்த வீட்டுக்காரர் கொட்டாஞ்சேனைக்குக் குடிபோனபோது சேவலையும் கொண்டுபோய்விட்டார்கள். இதைப் பெரியம்மா பலமுறை சுவரைப் பார்த்துச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். சித்தப்பா கேட்டிருக்க வேண்டும். தெமட்டகொடை ரயில் யார்டில் அவர் கிளாக்கர். ஒரு திங்கட்கிழமை பின்னேரம், கூட வேலை செய்தவர் கொடுத்தது என்று பன்புல் பையில் ஒரு இளஞ்சேவலைக் கொண்டுவந்தார்.

"பஸ்ஸிலை கண்டக்டர் இதுக்கும் அரை டிக்கெட் கேட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

சேவலுக்கு ஐந்து மாதம் இருக்கும். கூவத் தொடங்கினால் பாதியில் இருமலாகிவிடும். பெரியம்மா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சின்னம்மாவிடம், "அவரிட்டைச் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாப்பம். கோழியளோடை சேராட்டி கறிதான்" என்றார்.

யாராவது கெட்டது நடக்கும் என்று சொன்னால், அது நடந்தே முடிந்ததுபோல எனக்கு வயிறு வலிக்கும். அந்த வயிற்றுவலிதான் பிறகு ஏழாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தியது. அது வேறு கதை. அன்று சேவலைப் பார்த்தபோதே எனக்கு மிளகாய்த்தூள் வாசம் வந்துவிட்டது.

சித்தப்பா அவசரப்படவில்லை. வளவின் நடுவில் பெரிய பிரம்புக் கூடையொன்றைக் கவிழ்த்து, அதற்குள் சேவலை விட்டு, மேலே ஒரு செங்கல்லை வைத்தார். கூடைக்கு உள்ளேயும் வெளியேயும் குறுணல் தூவினார். "முதல்லை கண்ணாலை பழகட்டும் பிள்ளை. ஒண்டாச் சாப்பிடட்டும். பிறகு பாப்பம்." கோழிகள் கூடையைச் சுற்றி வந்து தின்றன. அவற்றில் பெரியது கறுப்பி. மற்ற நான்கும் அது தின்று விலகும்வரை காத்து நிற்கும். கறுப்பி ஒற்றைக் கண்ணைக் கூடை இடுக்கில் வைத்துப் பார்க்கும். சேவல் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும்.

மூன்று நாள் இப்படிப் போனது. வியாழன் பின்னேரம் அவர் கூடையைத் தூக்கினார். சேவல் வெளியே வந்து, தலையை நிமிர்த்தி, தனக்குத் தெரிந்த அந்த இருமலை எடுத்துவிட்டது. அதற்குமேல் கறுப்பி பொறுக்கவில்லை. பாய்ந்து தலைக் கொண்டைப்பூவில் ஒரு கொத்து. மற்றவையும் ஓடிவருவதற்குள் சித்தப்பா சேவலைத் தூக்கிவிட்டார். பூவில் இரத்தம். குசினிக்குப் போய்ச் சட்டிக் கரியைச் சுரண்டி, தேங்காயெண்ணெயில் குழைத்துக் காயத்தில் அப்பினார். மறுபடி கூடை, மறுபடி செங்கல்.

"ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. விளங்கிச்சோ?" என்றார் என்னிடம். ஏன் என்று சொல்லவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. காயத்தில் அழுக்குப் பட்டால் ஏற்புவலி வந்து தாடை பூட்டிச் சாக வேண்டியதுதான் என்று சுகாதாரப் பாடத்தில் படித்திருந்தோம். சட்டிக் கரியைவிட அழுக்கு உலகத்தில் என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் முழங்கால் உரஞ்சினாலும், தேங்காய் துருவும்போது கை வெட்டினாலும் ஒரே வைத்தியம், சிவப்பு மருந்து. சித்தப்பா புது ஆள். போத்தல் இருக்கும் இடம் தெரியாமல் கரியைப் பூசிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று வீட்டில் நின்றேன். சித்தப்பா வழக்கம்போல ஆறரைக்கே பஸ்ஸுக்குப் போய்விட்டார். எட்டு மணிக்குப் பெரியம்மா கூடைக்குள்ளும் வெளியிலும் குறுணல் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார். அம்மாவும் சின்னம்மாவும் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தார்கள். நான் போத்தலோடு போனேன். செங்கல்லை இறக்கி, சேவலை மடியில் அமர்த்தி, அந்தக் கரி முழுவதையும் ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். பிறகு சிவப்பு மருந்தைப் பூவில் இருந்து கழுத்துவரை தாராளமாகப் பூசினேன். சேவல் என்னைச் சந்தேகப்படவில்லை. கூடையைக் கவிழ்த்தேன். செங்கல்லை மறந்துவிட்டேன்.

அடுத்த அரை மணித்தியாலத்தில் கூடை சரிந்தது. சிவந்த கழுத்தோடு வெளியே வந்த சேவலைக் கண்டதும் ஐந்து கோழிகளும் ஒன்றாகப் பாய்ந்தன. முதல்நாள் கறுப்பி மட்டும்தான் கொத்தியது. இன்று எல்லாவற்றிலும் சாதுவான சாம்பல் கோழிகூட விடவில்லை. கோயிலால் திரும்பிய பெரியம்மாதான், அர்ச்சனைத் தட்டைப் படியில் வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அவற்றின் மேல் வீசினார். சேவலைக் கையில் எடுத்தபோது எது இரத்தம், எது மருந்து என்று தெரியவில்லை. அவர் சேவலின் தலையை முகர்ந்து பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. நான் சிவந்த கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அன்று பின்னேரம் சித்தப்பா செருப்பைக் கழற்றமுதலே பெரியம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன தம்பி உது? சேவலுக்குச் சிவப்பு மருந்தோ? கலியாண வீட்டுக்கு வெளிக்கிடுத்தினனீங்களோ?"

சித்தப்பா சேவலைப் பார்த்தார். கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். கை விட்டிருந்த என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"ஓம் அக்கா. காலமை நான்தான் பூசினனான். யோசிக்காமல் செய்துபோட்டன்."

"படிச்ச மனிசர் செய்யிற வேலையே! சிவப்பைக் கண்டால் கோழி விடாது எண்டு உந்தப் பிள்ளைக்கும் தெரியும்" என்று பெரியம்மா என்னைக் காட்டினார். நான் தலையை ஆட்டினேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், பாதித் தேசிக்காயைப் பிழிந்து, சிவப்புப் போக என் விரல்களைத் தேய்த்துக் கழுவினார். ஒன்றும் கேட்கவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பொழுதுபடும் நேரம் சித்தப்பா காயத்தில் மறுபடி கரி பூசினார். கோழிகள் கூட்டுக்குள் ஏறி, கண் மங்கி, ஒன்றோடொன்று ஒட்டி இருந்தபோது, சேவலை மெதுவாகக் கொண்டுபோய்க் கறுப்பிக்குப் பக்கத்தில் கம்பில் இருத்தினார். கறுப்பி ஒருமுறை முனகிவிட்டுச் சும்மா இருந்தது. ஞாயிறு காலையில் கதவைத் திறந்தபோது ஆறும் வரிசையாக இறங்கின. கறுப்பி சேவலின் முதுகில் ஒரு கொத்துக் கொத்தியது, பலமில்லாமல். பிறகு எல்லாம் ஒரே இடத்தில் குறுணல் பொறுக்கின.

"கறிக்கு அரைச்ச சரக்குக் கூட்டு வீணாப் போகுது" என்று பெரியம்மா முணுமுணுத்தார். அந்தச் சரக்கில் முட்டைக் குழம்பு வைத்தார்.

மத்தியானம்தான் எனக்கு மிகப் பெரிய அடி விழுந்தது. பெரியம்மா குசினியில் இருந்தபடியே, "தம்பி, இஞ்சாலை வாங்கோ. எல்லாம் இஞ்சைதான் கிடக்கு" என்று கூப்பிட்டார். சித்தப்பா வந்து எங்களோடு பலகையில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் வைத்தது எனாமல் தட்டு, அதிலும் ஆகக்கூட அடிபட்டது. நீலப்பூத் தட்டு அலுமாரிக்குள் போய்விட்டது. முன்கூடத்து மேசை போய்விட்டது. 'அவர்' என்ற மரியாதையும் போய்விட்டது. எல்லாம் என்னால். எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தப்பா இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு ரோசமே இல்லை என்று நினைத்தேன்.

அதன் பிறகு அவர் குழாய் திருத்தப் போனாலும், பந்தல் போடப் போனாலும், "என்ன தம்பி, சிவப்பு மருந்து கிடக்கே?" என்று பெரியம்மா கேட்பார். அவர் சிரிப்பார். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு வலிக்கும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பல வருடம் வாய்வரை வந்து போனது.

என் மகளுக்குக் கலியாணமாகி, மருமகன் முதல்முறை சாப்பிட வந்தபோது, அலுமாரியில் இருந்து நல்ல தட்டைத் துடைத்து எடுத்தேன். அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமையை நேரப்படி யோசித்துப் பார்த்தேன். சித்தப்பா போனது ஆறரைக்கு. பெரியம்மா குறுணல் போட்டது எட்டு மணிக்கு. சேவல் கரி பூசிய தலையோடு நின்றதைப் பெரியம்மா தன் கண்ணால் பார்த்திருப்பார். அவர் சொல்லாமல் அம்மாவின் கையில் தேசிக்காய் தானாக வந்திராது.

மருமகன் முன்கூடத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, வைத்த சோற்றை மட்டும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்கச் சொல்லி மகளை அனுப்பினேன். போதுமாம் என்றாள்.