ஊர் மருந்து

பேசுகிறவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்பதெல்லாம் எங்கள் தொழிலில் கிடையாது. மண்டபத்தின் பின்பக்கம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, காதில் விழுகிற தமிழை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கோழிப்பண்ணைக்காரர் பேசினால் நான் கோழிப்பண்ணைக்காரி, டாக்டர் பேசினால் நான் டாக்டர். நல்ல பிழைப்புதான். அன்றைக்கு மட்டும் அந்த விதியைப் போட்டவனை வாயாரச் சபித்தேன்.

ஜார்ஜ்டவுன் கடலோர ஓட்டல் ஒன்றில் கூட்டம். கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதைத் தடுக்க உலக நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருக்கின்றன. அது நம் நாட்டில் சம்பந்தப்பட்டவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டறியக் கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பண்ணைக்காரர்கள், மருந்துக்கடைக்காரர்கள், சாப்பாட்டுக்கடை முதலாளிகள், லிட்டில் இந்தியா வியாபாரிகள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. இந்தத் திட்டத்தைப் பற்றி முன்பே கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். மருந்துக்கடைக்காரர்கள் தூக்கினார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்துவிட்டு அரைக்கையாகத் தூக்கி வைத்தார்கள். கூட்டம் நடத்தியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனிப்பு நீர்க்காரர், அதாவது சர்க்கரை நோயாளி, வலது பாதத்தில் புண், விடாத காய்ச்சல். ஊசி ஏற ஏறக் காய்ச்சலும் ஏறியதே தவிர இறங்கவில்லை. புண்ணிலிருந்து சீழ் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், முடிவு வந்தபாடில்லை. நாளைக்குள் அடங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் காலையில்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பயப்பட வேண்டிய விஷயங்களை அவர் ஆங்கிலத்தில் என்னிடம்தான் சொல்வார். என் கணவருக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் அவ்வளவு வராது.

ஆயர் ஈத்தாமில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனிதர் அவர். வலது காலை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிச்சமிருக்கும்?

இதற்கு முன் வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று டாக்டர் அவரிடம் மலாயில் கேட்டிருந்தார். இல்லை என்றார். திரும்பக் கேட்டார். திரும்பவும் இல்லை. நான் வேறு பக்கத்தில் நின்றுகொண்டு, "அதெல்லாம் சாப்பிட மாட்டார் டாக்டர், நான் விடமாட்டேன்" என்று நீட்டி முழக்கினேன்.

கூட்டத்துக்குப் போகும் எண்ணமே எனக்கு இல்லை. அவர்தான் விரட்டினார். "நீ இங்க உக்காந்து என்னா பண்ணப்போற? போய் வேலையப் பாருலா." போனேன். கைப்பேசியை ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். அது ஒளிர்ந்தபோதெல்லாம் ஆஸ்பத்திரி எண்ணா என்று பார்த்தேன்.

தேநீருக்குப் பிறகு, கிருமிக்கொல்லி மாத்திரைகளை எங்கே வாங்குகிறீர்கள் என்ற பேச்சு வந்தது. ஒருவர் எழுந்து தமிழில் பேச ஆரம்பித்தார். மார்க்கெட் ஸ்ட்ரீட் மசாலாக்கடை அண்ணன். என் கணவரோடு படித்தவர், எங்கள் வீட்டுக் குழம்புத்தூள் அவர் கடையில்தான். அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது.

"இதுல மறைக்க என்னா இருக்கு? நாங்கள்லாம் ஊருக்கு, திருச்சிப் பக்கம் போனா மருந்து வாங்காம வர்றதில்ல. கடையில கேட்டா குடுத்துடுறான், கிளினிக்கே வேணாம்லா."

நாங்கள் எல்லோரும் வாங்கி வருகிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மண்டபம் சிரித்தது.

"என் கூட்டாளி ஒருத்தனுக்குக்கூட போன மாசம் குடுத்தேன். ஆயர் ஈத்தாம்ல வேன் ஓட்டுறான். கால்ல புண்ணு. ரெண்டு நாளு போட்டான், காஞ்சிருச்சு. மிச்சத்த வச்சிக்க, திரும்ப வந்தா திரும்பப் போட்டுக்கன்னு சொன்னேன். பொண்டாட்டிக்குத் தெரியாமத்தான் போடுறானாம்!"

இந்த வேலையில் வாய் காதுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். புத்தி வந்து சேர்வது அதற்கும் பிறகுதான். நான் கொடுத்தேன், மிச்சத்தை வைத்துக்கொள்ளச் சொன்னேன், மனைவிக்குத் தெரியாமல் சாப்பிடுகிறான் என்று என் குரலிலேயே அந்த மண்டபத்துக்குச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒலிவாங்கியை என்னோடு மாறி மாறி மொழிபெயர்க்கும் தோழியிடம் தள்ளிவிட்டு வெளியே ஓடினேன்.

"அண்ணே, அந்த மருந்து பேரு என்னா?"

அவர் திரும்பினார். "தங்கச்சி, நீயா உள்ள பேசுனது?"

"பேரு என்னா அண்ணே? அவரு ஆஸ்பத்திரில கெடக்கிறாரு. கால எடுக்கப்போறாங்க."

அவர் முகம் செத்துப்போனது. பேர் ஞாபகம் இல்லை. கடைக்குப் போன் போட்டார், அவசரத்தில் எண்ணைத் தப்பாக அழுத்தி மறுபடி போட்டார். அதே மாத்திரையில் கடையில் மிச்சமிருந்த அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் வந்ததும் வார்டுக்குப் போன் செய்து டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, பெயரை எழுத்தெழுத்தாகப் படித்து, அவர் விட்டுவிட்டுச் சாப்பிட்டதையும் சொன்னேன். மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர், இதே வகை மருந்தைத்தான் இவ்வளவு நாளும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், அரைகுறையாகச் சாப்பிட்டதில் கிருமி அதற்குப் பழகிப்போயிருக்கும், அதனால்தான் கேட்கவில்லை, இப்போதே மாற்றுகிறேன் என்றார்.

மசாலாக்கடை அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். "நல்லதுதானே நெனச்சேன் தங்கச்சி." அவரை நாலு வாங்கு வாங்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதற்குக்கூட நிற்காமல் கிளம்பினேன்.

வார்டில் என் கணவர் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"ஏங்க சொல்லல? டாக்டர் அத்தன தடவ கேட்டாரே."

"நீ பக்கத்துல நின்ன."

"நின்னா?"

"ஒனக்குத் தெரிஞ்சா மைக்குல பேசுற மாதிரி நிறுத்தாம பேசுவ. பயம்லா எனக்கு."

"கால் போறதவிடவா பயம்?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். உலகத்துத் திட்டத்தையெல்லாம் மண்டபத்துக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த என்னிடம், ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷன் இதைச் சொல்ல வாய் திறக்கவில்லை. அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது, இப்போதும் குத்துகிறது.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. டாக்டர் வந்து புண்ணைப் பார்த்துவிட்டு வழக்கம்போல என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். என் கணவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சொல்றாரு?"

"கால் இருக்கும். ரெண்டு வெரல் மட்டும் எடுப்பாங்க."

போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தைப் பார்த்தார். "பிரேக் மிதிக்கலாம்ல?"

"மிதிக்கலாம்."

பிறகு என் கையைப் பிடித்து இழுத்தார். "திட்டிரு. நீ திட்டாம இருக்கிறதுதான் இன்னும் பயமா இருக்கு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.