விழுந்த எண்ணிக்கை

மலேசியாவின் கிள்ளான் நகரில் எங்கள் பாலர் பள்ளிக்குப் பின்னால் இருந்த திடலில், காற்றில் சாய்ந்த பெரிய மரமொன்று கிடந்தது. புதன்கிழமைதோறும் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் அதன்மேல் நடக்கவிடுவோம். மண்ணிலும் மரத்திலும் புழங்கினால் கால் உறுதிப்படும், ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் பழகுவார்கள் என்று தலைமையாசிரியை நம்பினார். நானும் நம்பினேன், இப்போது பிரிக்பீல்ட்ஸில் வேறொரு பள்ளியில் இருந்துகொண்டும் நம்புகிறேன். கிள்ளான் பள்ளியில் தலைமையாசிரியை ஒரு விதி வைத்திருந்தார்: பெரியவர்கள் கை கொடுக்கக்கூடாது. "விழுந்தா தானா எழும்பட்டும் லா. நாம தூக்கிவிட்டா அந்தக் கால் எப்பதான் வேல செய்யும்?" என்பார்.

யார் எத்தனை முறை விழுந்தார்கள், எப்படி எழுந்தார்கள் என்று நோட்டில் குறிப்பது என் வேலை. அந்தப் பிள்ளைகளில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. ஜனவரியில் மரத்தைக் கடப்பதற்குள் இரண்டு முறை விழுந்தாள். மார்ச்சில் ஐந்து முறை. மே மாதத்தில் அவளால் ஏறவே முடியவில்லை. விழுந்தால் கைகளை முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மீதே ஏறுவதுபோல் நிமிர்வாள். அதையும் எழுதினேன். "ஏய் கிழவி, தடி கொண்டாரவா?" என்று மற்ற பிள்ளைகள் கத்துவார்கள். அவள் எழுவதைப்போல் நடித்துக் காட்டுவது அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது. தலைமையாசிரியை சிரித்தார். நானும் சிரித்தேன். 'முயற்சி குறைவு' என்று குறித்தேன்.

அவளுடைய அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஜூனில் என்னிடம் வந்து, "படி ஏற மாட்டேங்குறா டீச்சர். நாலு மாடியும் தூக்கிட்டுத்தான் போறேன்" என்றார்.

"தூக்காதீங்கக்கா. நீங்க தூக்கித் தூக்கித்தான் இங்கயும் சோம்பேறியா இருக்கா."

அவர் தலையாட்டிக்கொண்டு போனார்.

ஆகஸ்டில் மீண்டும் வந்தார். மகளுக்குத் தசையைத் தின்னும் நோயாம். விழுவது எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். நோட்டைக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த வாரம் அதைத் திருப்பித் தர வந்தபோது, மகள் அவர் இடுப்பில் இருந்தாள்.

"இவ்ளோ தெளிவா யாரும் எழுதிக் குடுத்ததில்லன்னு டாக்டர் சொன்னாரு டீச்சர். மாசா மாசம் கூடிட்டே வந்திருக்காம். எழுதுனவங்களுக்குத் தெரியலையான்னு கேட்டாரு." அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்க சொன்னீங்கன்னு ரெண்டு மாசமா நான் தூக்கவே இல்ல. கம்பியப் புடிச்சிக்கிட்டு அழுதுகிட்டே ஏறுவா. நான் மேல நின்னு பாத்துட்டு இருப்பேன்."

நான் நோட்டை வாங்கிக்கொண்டேன். அவர்கள் போன பிறகு, அது திரும்பி வந்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்.