கறுப்புத் திரை

எனக்குப் பிறவியிலேயே விழித்திரையில் கோளாறு. டைப்ரைட்டர் காலத்தில் அது பெரிய இடைஞ்சலாக இல்லை. விரல் பழகிய வேலை. தொண்ணூறுகளின் கடைசியில், தம்பானூரில் நான் வேலை பார்த்த தனியார் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தாலே கண் கூசி, பத்து நிமிஷத்தில் நீர் வழியும். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊரும்.

ஒருநாள் காலையில் சீக்கிரமே வந்து செட்டிங்கை நோண்டி நானே வழி கண்டுபிடித்தேன். கறுப்புத் திரை, பெரிய வெள்ளை எழுத்து. அன்று மட்டும் பன்னிரண்டு கடிதம் அடித்தேன். வலியசாலை வீட்டுக்குப் பஸ் ஏறாமல் நடந்தே போனேன், அத்தனை சந்தோஷம்.

மறுநாள் காலை திரை மறுபடி வெள்ளை. மாற்றினேன். அதற்கடுத்த நாளும் வெள்ளை. மதியத்துக்கு மேல் அதே கம்ப்யூட்டரில் உட்காருகிறவர் புகார் சொல்லியிருக்கிறார். மானேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி மலையாளத்தில் கேட்டார், கண் தெரியாதவர்கள் வீட்டில் இருந்தால் என்ன என்று. யாரோ சிரித்தார்கள்.

சர்வீஸ்காரரை வரவழைத்து செட்டிங்கைப் பூட்டினார்கள். என்னைக் கவர் ஒட்ட உட்கார வைத்தார்கள். டைப்பில் ஹையர் பாஸ் பண்ணிய கை, மூன்று வாரம் பசை தடவியது.

வேறு ரிப்பேருக்காக சர்வீஸ்காரர் மறுபடி வந்தபோது பிடித்துக்கொண்டேன். "ரெண்டு பேருக்கும் சரியா வர்ற மாதிரி ஒரு வழியும் கிடையாதா?"

அவர் கீபோர்டில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார். திரை கறுத்தது. மறுபடி அழுத்தினார். வெளுத்தது.

"இவ்வளவுதான் சேச்சி."

"இது அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும். சார் பூட்டத்தானே சொன்னார்."

பசைக் கிண்ணத்தைக் கொண்டுபோய் மானேஜர் மேஜையில் வைத்தேன். "வந்து பாருங்க சார். மூணே மூணு கட்டை. இதுக்காகவா என்னை அங்கே உட்கார வெச்சீங்க?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வந்தார். விளையாட்டுச் சாமான் மாதிரி இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். "கொள்ளாமே," என்று மெச்சிவிட்டு உள்ளே போய்விட்டார். தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை இல்லை.

அன்றே என் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முதல் கடிதத்தை மூன்று தரம் அடிக்க வேண்டியிருந்தது. எழுத்து நன்றாகத் தெரிந்தது. கைதான் கோபத்தில் ஆடிக்கொண்டிருந்தது.