எல்லாவற்றையும் மறந்துவிடும் பிரவுசர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி சரோஜா டிவியில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். தாளிப்புக்கு நடுவில் ஒரு விளம்பரம். நரைத்த தலைக்காரர் ஒருவர் காதுக்குப் பின்னால் எதையோ மாட்டிக்கொண்டு பேரனைப் பார்த்துச் சிரிக்கிறார். கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இன்னொன்று. அப்புறம் மறுபடியும்.

“ஏனுங்க, நம்மூட்டு டிவில மட்டும் எப்பப் பாத்தாலும் காது மிஷினாவே வருது?”

“எல்லாருக்கும் அதான் வரும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

எல்லாருக்கும் வராது. என் போனில் ஒரு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்ததே அதைத்தான். போனுக்கும் டிவிக்கும் ஒரே அக்கவுண்ட். அங்கே தேடினால் இங்கே வந்து காட்டிக்கொடுக்கிறது!

உங்களிடம் சொல்வதற்கென்ன... என் இடது காது மக்கர் செய்கிறது. யாராவது பேசினால் வாய் அசைவது தெரிகிறது, வார்த்தை வந்து சேருவதில்லை. அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். அவர்கள் தலையாட்டினால் நானும் ஆட்டுவேன். ஊரார் பேச்சைக் கேட்டு வாரா வாரம் பத்தி எழுதுகிறவன் நான். கேட்கிற காதே போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? கண்ணாடி போட்டால் படித்தவர் என்கிறார்கள். காதில் மாட்டினால் மட்டும் ‘செவிடு’!

சேலத்தில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் அன்வர் பாயிடம் மெதுவாகக் கேட்டேன். “பாய், நாம போன்ல தேடுறது யாருக்கும் தெரியாம இருக்க வழி இருக்கா?”

ஒரு மாதிரி பார்த்தார். “இந்த வயசுல என்னத்தத் தேடுறீங்க?”

“அட, உடம்பு விஷயம் பாய்.”

அதற்கு மேல் கேட்கவில்லை. என் போனை வாங்கி ஒரு பிரவுசரை ஏற்றிக் கொடுத்தார். “இது இன்னும் முறையா வெளிய வரலை. டெஸ்டிங்ல இருக்கு. அப்பப்ப படுத்துக்கும். ஆனா மூடினாப் போதும், பாத்த எல்லாத்தையும் மறந்துடும். நான் சரக்கு ரேட்டெல்லாம் இதுலதான் பாக்குறேன்.”

மறந்துவிடும்! எனக்கு வேறென்ன வேண்டும்?

திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. ஓரத்தில் ஒரு விளக்குமாறு படம். அதைத் தொட்டால் எல்லாம் சுத்தம். விளம்பரங்கள் நிஜமாகவே குறைந்தன. ஆனால் அன்வர் பாய் சொன்ன ‘படுத்துக்கும்’ இருக்கிறதே... தமிழில் ‘காது’ என்று அடித்தால் ‘கது’ என்று விழும். சில நாள் வீடியோ ஓடும், சத்தம் வராது. கோளாறு பிரவுசரிலா, என் காதிலா? யாரிடம் போய்க் கேட்பது!

திடீரென்று தானே மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் பவ்யமாக ஒரு கேள்வி — ‘நின்றுபோனபோது என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? சொன்னால் சரிசெய்ய உதவும்.’ அடப்பாவி, அதைச் சொல்லக் கூடாது என்றுதானே உன்னிடம் வந்தேன்?

சேலத்தில் ஒரு காது டாக்டரின் பக்கத்தைக் கண்டுபிடிப்பேன். அப்பாயின்ட்மென்ட் பட்டன் வரை விரல் போகும். சரோஜாவின் நிழல் தெரியும். உடனே விளக்குமாறு. போச்சு! மறுநாள் முதலிலிருந்து தேட வேண்டும். மொட்டை மாடிக்குப் போவேன், இறங்கி வருவேன், பைக்கை எடுத்துக்கொண்டு போய் டீக்கடை ஓரத்தில் நின்று பார்ப்பேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, டாக்டரைத் தேடுவதையே வேலையாக வைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில்தான் சங்ககிரி.

எங்கள் மகள் கார்த்திகா கோவையில் ஐடி வேலையில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்கும் கோவையில்தான் வேலை. அவன் அப்பா சங்ககிரியில் லாரி டிரான்ஸ்போர்ட் நடத்துகிறார். நானும் சரோஜாவும் மாப்பிள்ளை வீடு பார்க்க நாமக்கல்லிலிருந்து போனோம்.

சரோஜாவைப் பெண்கள் உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். பையனின் அப்பா என்னோடு முன்வாசலில் உட்கார்ந்தார் — என் இடது பக்கம். மெல்லப் பேசுகிற மனிதர். எதிர் ஷெட்டில் ஒரு லாரியை ஸ்டார்ட் பண்ணி உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். முகத்தில் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

“அதுக்கென்னங்க, தாராளமா!”

அவர் இன்னும் ஏதோ கேட்டார். நான் இன்னும் பலமாகத் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் பையனின் அம்மா சரோஜாவுக்கு போன் செய்தார். பேசிவிட்டு வந்தவளின் முகமே சரியில்லை. லீவுக்கு வந்திருந்த கார்த்திகாவும் பக்கத்தில் இருந்தாள்.

“ஏனுங்க, கல்யாணத்துக்கப்புறம் புள்ள வேலைய உட்டுரும்னு சொன்னீங்களா?”

“யாரு? நானா?”

“உடறதுக்குச் சம்மதமான்னு கேட்டாராமா. தாராளமான்னு சொன்னீங்களாமா.”

கார்த்திகா கத்தியிருந்தால் பரவாயில்லை. “நீங்களாப்பா?” என்றாள். “வேலைல சேரச்சொல்லிக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போய் விட்டதே நீங்கதானேப்பா?” ரூமுக்குள் போய்த் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள்.

என்னென்னவோ பொய்கள் வாய் வரை வந்தன. அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

“எனக்குக் கேக்கலை சாமி” என்றேன். “அவரு என்ன கேட்டாருன்னே தெரியாது. இந்தக் காது கேக்கறதே இல்ல.”

கார்த்திகாவின் கை நின்றது. சரோஜா கட்டிலில் உட்கார்ந்தாள்.

“காது கேக்காதது தெரியுமுங்க” என்றாள். “ரொம்ப நாளாவே தெரியும். நான் எதுக்கு எப்பவும் உங்க சோத்தாங்கைப் பக்கமே வந்து உக்காருறேன்னு நெனச்சீங்க?”

“நான் எதுக்குப்பா போன்ல தொண்டை கிழியப் பேசறேன்? டவர் இல்லைன்னா?” என்றாள் கார்த்திகா. கண் கலங்கியிருந்தது. “நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தோம்.”

பிரைவசி அவசியம்தான். நாம் எதைத் தேடுகிறோம் என்று மோப்பம் பிடிக்கும் கம்பெனிகளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் கூட உட்கார்ந்து சாப்பிடுகிற இரண்டு பேரிடம் நான் எதைக் காப்பாற்றினேன்? பிரைவசிக்கும் பயத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் அலைந்திருக்கிறேன்.

கார்த்திகாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, ஸ்பீக்கரைப் போட்டு சங்ககிரிக்கு போன் செய்தேன். உள்ளதைச் சொன்னேன். அந்தப் பக்கம் பையனின் அப்பா சிரித்தார்.

“அதானே பாத்தனுங்க! வேலைய உடச் சொன்னா எந்த அப்பன் இத்தன சந்தோசமாத் தலையாட்டுவான்?”

கார்த்திகா போனை வாங்கினாள். “அங்கிள், நான் வேலைய விட மாட்டேனுங்க. அது தெரிஞ்சே பேசுனாப் போதும்.”

“சரி சாமி. பையனுக்கு அதுல ஒண்ணும் இல்ல. எங்கூட்டு அம்மணிக்குத்தான் அந்த ஆசை. நான் பேசிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஒருக்காப் பாத்துப் பேசுங்க.”

பையனும் அவளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று எனக்கு இன்னும் தெரியாது. பையைப் பிரித்த கார்த்திகா, மறுநாள் காலை என்னைக் கையோடு சேலத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அடுத்த வாரம் காதுக்கு மிஷின் வந்தது.

மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்தேன். ஃபேன் இத்தனை சத்தம் போடுமா? சமையலறையில் சரோஜா தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அத்தனையும் என்னைப் பற்றி.

பாவம்... இனிமேல் பிரைவசி தேவைப்படுவது அவளுக்குத்தான்!