பன்னிரண்டு பூஜ்யங்கள்

போன வருடம், சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் இருக்கும் எங்கள் இடுகாட்டில் ஒரு பகுதியைச் சாலை விரிவாக்கத்துக்கு எடுப்பதாக மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பட்டியலில் பெயர் உள்ள சமாதிகளை வேறிடத்துக்கு மாற்றித் தருவார்களாம். மற்றதெல்லாம் கேட்பாரற்றவை என்று மொத்தமாகத் தோண்டப்படும். பட்டியலைக் கொடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

இடுகாட்டுக் குழுவின் பதிவேடு என் பொறுப்பு. முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன்; பேனா மூடியைக்கூட விதிப்படிதான் திறப்பேன். கணினிப் பதிவேட்டிலிருந்து பட்டியலை எடுத்து, பலகையில் ஒட்டினேன்.

புதன் காலை மாசாயிலிருந்து ஒரு பெண் வந்தார். தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

“ஐயா, எங்கம்மா பேரு இல்லீங்களே. நீங்கதானே எழுதுனீங்க?”

பதிவேட்டில் பெயர் இருந்தது. பட்டியலில் இல்லை. எண்ணினேன். அங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், இங்கே இருநூற்று எழுபத்திரண்டு. நாற்பது பேரைக் காணோம்.

கொதித்துப்போனேன். மென்பொருள் செய்து கொடுத்த பெண்ணை உடனே தொலைபேசியில் பிடித்தேன்.

“செத்தவங்களையே தொலைச்சிட்டீங்க. உங்க சிஸ்டம் வேற யாரைத்தாம்மா காப்பாத்தும்?”

“அங்கிள், அப்புறமா திட்டுங்க லா. காணாமப் போனவங்க ஐசி நம்பர முதல்ல படிங்க.”

படித்தேன். அடையாள அட்டை எண்ணுக்கான கட்டத்தில் பன்னிரண்டு பூஜ்யம். அடுத்தவருக்கும் அதே. நாற்பது பேருக்கும் அதே.

“அலமாக்! பட்டியல் எடுக்கறப்ப ஒரே நம்பர் திரும்ப வந்தா ஒரே ஆளுன்னு எடுத்துக்கும், அங்கிள். ஒருத்தர வெச்சுட்டு மத்தவங்களத் தள்ளிரும். யாரு இப்படிப் போடச் சொன்னது?”

நான்தான். அடையாள அட்டை கிடைக்காமலே இறந்துபோன தோட்டத்து மக்கள் அவர்கள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது, அட்டை இல்லாவிட்டால் பூஜ்யம் போடு என்று கூட்டத்தில் விதி எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். நாற்பத்தொரு பேருக்கும் சேர்த்து யாரோ ஒரு முதியவர் மட்டும் பட்டியலில் தனியாக நின்றார்.

மாசாயிலிருந்து வந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உசுரோட இருந்தப்ப ஐசி கேட்டு நடையா நடந்துச்சு, எங்கம்மா. இங்கயுமா?”

பூஜ்யங்களை அழித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் சமாதி எண்ணைப் போட்டு மறுபடி எடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. வியாழனன்றே மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் எனக்கு நன்றி வேறு சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போதும் ஏதாவது விண்ணப்பப் பாரத்தில் ‘எல்லாக் கட்டங்களையும் நிரப்பவும்’ என்று பார்த்தால் கோபம் தலைக்கேறுகிறது. முன்பெல்லாம் அது அடுத்தவர்மேல் பாயும், இப்போது சரியான ஆளிடமே வந்து நிற்கிறது.